எலுமிச்சம்பழப் பானகம்

சித்திரை, வைகாசி என்னும் இரு திங்களையும் இளவேனில் என்றும், ஆனி, ஆடி என்னும் இரு திங்களையும் முதுவேனில் என்றும் நம் முன்னோர் வகுத்துரைத்தனர். அவ்வகுப்புப் பிற நிலங்கட்கு எவ்வாறாயினும் ஆகுக. மே மாதத்து நண்பகலில் விழுப்புரம் சந்திப்பின் நடைமேடையில் வண்டி மாறுதற்பொருட்டு நிற்பானொருவன், அவ்வேனிலை 'இள' என்னும் அடைகொடுத்து அழைக்க ஒருகாலும் ஒருப்படான். சென்னை, திருச்சிராப்பள்ளி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி ஆகிய ஐந்து திசைகளினின்றும் இருப்புப்பாதைகள் வந்து கூடும் அந்நிலையத்திலே, மக்கட்கூட்டமும் கத்திரி வெயிலும் ஒருங்கு சேர்ந்து நாவை வறளச் செய்யும் திறத்தினை அனுபவித்தோரே அறிவர். அவற்றுள் புதுச்சேரிப் பாதை 1879 ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டதாகலின், அந்நடைமேடையில் நீர்வேட்கையுற்று நிற்போர் வரிசை நீண்டதொரு மரபுடையது எனலாம்.

இவ்வேட்கையைத் தணிக்க மக்கள் நாடுவன யாவை? புட்டிகளில் அடைத்து விற்கப்படும் வண்ண நீர்களே பெரும்பான்மையன. அவற்றுட் பல, 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை கரைந்தவை. பருகுங்கால் நாவிற்கு இனிமையும், பருகிய சிறிது நேரத்தில் மீண்டும் வேட்கையும் தருபவை. அவற்றினும் மலிவாய், அவற்றினும் நலமாய், அவற்றினும் சுவையாய் நம் இல்லத்திலேயே ஆக்கிக்கொள்ளத்தக்க பானகமொன்று உண்டு. எலுமிச்சம்பழச் சாற்றோடு வேறு பழங்களின் சாற்றையும் கூட்டிச் செய்யும் அப்பானகத்தின் இயல்பினையும், ஆக்கும் முறையினையும், அதன்கண் உப்பும் சர்க்கரையும் சேர்வதன் காரணத்தினையும் யாம் அறிந்த அளவில் ஈண்டு எடுத்துரைப்போம். தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர்க்கு அடுக்களையில் என்ன வேலை என்று வினவும் நண்பர் சிலர் விடுதியில் உளர். அவர்க்கு ஒன்று கூறுவோம்: சுவை ஆறனுள் இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகிய நான்கு இப்பானகத்தில் ஒருங்கே நிற்கும். இஞ்சி சேர்ப்பின் கார்ப்பும் வந்து கூடும். ஐந்து சுவைகளை ஒரு குவளையிலே அளவறிந்து நிறுத்துதல் யாப்பிலக்கணத்தினும் எளிதன்று.

இனி, இப்பானகத்துக்கு வேண்டும் பொருள்களை நோக்குங்கால், எலுமிச்சை ஒன்று நீங்கலாக ஏனைய யாவும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்திலேயே விளைதல் காணலாம். உப்பு வேண்டுமாயின் மரக்காணம் உளது. திண்டிவனத்திற்குக் கிழக்கே கடலையொட்டிப் பாத்தி பாத்தியாக விரிந்து கிடக்கும் அவ்வுப்பளங்கள், தூத்துக்குடி, வேதாரணியம் ஆகியவற்றோடு ஒருங்குவைத்து எண்ணப்படுவன. சர்க்கரை வேண்டுமாயின் விழுப்புரத்தின் வடபால் முண்டியம்பாக்கத்திலும், தென்மேற்கே பெரியசெவலையிலும் கரும்பு ஆலைகள் உள. வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளும் கரும்புக் கொல்லைகளின் நடுவே ஆங்காங்கு உள. தர்ப்பூசணி வேண்டுமாயின் தை கழிந்து மாசி பிறந்ததும் திண்டிவனம், மரக்காணம், வானூர்ப் பக்கங்களில் வண்டி வண்டியாய் வந்து குவியும். சென்னையினின்று திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் பெருஞ்சாலையில் திண்டிவனத்தைக் கடப்போர், இருமருங்கும் கீற்றுக்கொட்டகையின்கீழ்ப் பச்சைக் குன்றுகளெனக் கிடக்கும் அப்பழங்களைக் காணாது செல்லுதல் அரிது. நுங்கு வேண்டுமாயின், விக்கிரவாண்டிப் பக்கத்துப் பனந்தோப்புகள் அண்மையிலேயே இருக்கின்றன.

இந்நாட்டின் பழமை பற்றி ஒரு சொல் கூறிச் செல்லுதல் தமிழ் மாணவர்க்குக் கடன். பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மானாட்டு நல்லியக்கோடன். அவனுக்குரிய கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியாய் அமைந்துள்ளது. அந்நூல் கூறும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணமாகக் கொள்வர் ஆராய்ச்சியாளர். அப்பட்டினத்துப் பரதவர், வழிநடந்து இளைத்துவரும் பாணர்க்குத் தேறல் அளித்து ஓம்புவர் என்பது அந்நூலால் அறியப்படும். வெயிலில் வந்த விருந்தினர்க்கு முதற்கண் பருகுவதற்கொன்று ஈதல் இந்நிலத்தின் பழவழக்கு என்பது இதனாற் பெறப்படும். யாம் தேறலை விடுத்து எலுமிச்சையைக் கைக்கொள்கின்றோம், வழக்கினை விட்டிலோம்.

எலுமிச்சை மட்டும் நமக்கு வெளியினின்று வருவது. தென்காசி மாவட்டத்துப் புளியங்குடியும், ஆந்திர நாட்டுக் கூடூரும் இப்பழத்துக்குப் பெயர் பெற்ற சந்தைகள். நாம் எலுமிச்சை என்று வழங்குவதும், ஐரோப்பியர் லெமன் என்று வழங்குவதும் ஒன்றன்று. அவரது பழம் பருத்து, நீண்டு, தோல் தடித்து, முனையிற் காம்புபோற் கூர்த்திருக்கும். நமது பழம் சிறுத்து, உருண்டு, தோல் மெலிந்து, புளிப்பும் மணமும் மிக்கிருக்கும். யாழ்ப்பாணத்தார் இதனைத் தேசிக்காய் என்பர். சம்பீரம் என்பது வடமொழி வழிவந்த பெயர். இவ்வினத்து மரங்களின் தாயகம் இமயத்தின் தென்கிழக்குச் சாரலாகிய அசாம், பர்மா, சீனத்து யுன்னான் ஆகியவற்றைத் தழுவிய நிலப்பரப்பு என்று 2018 ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆராய்ச்சி கூறுகின்றது. ஆகவே லெமனேடு என்னும் பெயரைக் கேட்டு அஃது ஏதோ கடல்கடந்து வந்த நாகரிகப் பொருளென மயங்குதல் வேண்டா. பழம் இங்கிருந்து அங்குச் சென்றது. பெயர் மட்டுமே அங்கிருந்து இங்கு வந்தது.

எலுமிச்சையின் விலையைப் பற்றி நம் வட்டாரத்தார்க்குச் சொல்ல ஒரு செய்தி உண்டு. திருவெண்ணெய்நல்லூரை அடுத்த ஒட்டனந்தல் என்னும் சிற்றூரில் முருகன் கோயிலொன்று உளது. பங்குனி உத்திர விழாவின்போது நாளொன்றுக்கு ஒன்றாக வேலிற் செருகப்பெறும் ஒன்பது எலுமிச்சம்பழங்களை விழா முடிவில் ஏலத்தில் விடுதல் அவ்வூர் வழக்கம். மகப்பேறு வேண்டுவோர் அவற்றை விரும்பி ஏற்பர். 2024 ஆம் ஆண்டில் அவ்வொன்பது பழங்களும் 2 இலட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்கு மேல் விலைபோயின. முதல்நாட் பழம் ஒன்றே 50,500 ரூபாய் பெற்றது. அது நம்பிக்கையின் விலை. அதனை எடைபோடுதல் எம் வேலையன்று. யாம் பிழியப்போவது சந்தைப் பழமே. அதுவும் சிலகால் கைக்கு எட்டாத உயரத்திற்கு ஏறும். 2022 ஆம் ஆண்டின் ஏப்பிரல் மாதத்தில் பழமொன்று பத்து ரூபாய்க்கும் மேலாக விற்றதனை இல்லத்தரசிகள் மறந்திரார். மக்கட்கு வேட்கை மிகுவது கோடையில். எலுமிச்சை மரம் பெருக்கக் காய்ப்பதோ கோடையிலன்று. ஆகலின் பங்குனி பிறக்கும் முன்னரே வாங்கி, மூடிய கலத்திலிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைப்போர் சில வாரங்கட்கு விலையேற்றத்தினின்றும் தப்புவர்.

பழம் தேர்தலில் கண்ணினும் கையே சிறந்த துணை. ஒரே அளவினவாய பழங்கள் இரண்டனைக் கையிலேந்தி, கனமுடையதைக் கொள்க. தோல் மெலிந்து வழவழப்பாய், மஞ்சள் பரவி, அழுத்தினால் சற்றே நெகிழ்ந்து கொடுப்பது சாறு மிக்கது. கரும்பச்சையாய்க் கல்போல் இறுகியிருப்பது ஊறுகாய்க்கு ஆகும், பானகத்திற்கு ஆகாது. பிழியுமுன் பழத்தைப் பலகையின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்டுக. உள்ளே சாறு நிறைந்த பைகள் உடைந்து, பிழிவதற்கு எளிதாகும். பின்னர்க் குறுக்காக அறுக்க. நெடுக அறுப்பின் சுளைகளை மூடிய தோல் தடுத்துச் சாற்றிற் பாதியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

பிழிதலிலே பலரும் செய்யும் பிழையொன்று உண்டு. கடைசித் துளியையும் விடலாகாது என்னும் சிக்கனத்தால், தோலும் வித்தும் நசுங்குமாறு முறுக்கிப் பிழிவர். வித்திலும், சுளையைச் சூழ்ந்த வெள்ளிய சவ்விலும் உள்ள பொருளொன்று, புளித்த சாற்றிற் கலந்தபின் மெல்ல மெல்லத் திரிந்து லிமோனின் என்னும் கைப்புப் பொருளாகும். பிழிந்த உடனே பருகினால் அக்கைப்புத் தோன்றாது. சில மணி நேரம் கழித்துப் பருகினால் நாவை உறுத்தும். காலையிற் செய்து வைத்த சாறு மாலையிற் கைத்தது ஏன் என்று வினவுவோர்க்கு விடை இதுவே. மென்மையாகப் பிழிந்து, வித்து விழாமல் வடிகட்டி, அன்றே பருகுதல் வேண்டும். பிழிந்து ஏந்தும் கலம் கண்ணாடியோ பீங்கானோ எவர்சில்வரோ ஆகுக. செம்பு, பித்தளை, அலுமினியக் கலங்களைப் புளிப்பு அரிக்கும். அதனால் சுவையும் கெடும், உடலும் கெடும். ஈயம் பூசாத பித்தளையிற் புளிக்குழம்பு வையாத பாட்டிமார் இதனை எவரும் கற்பிக்காமலே அறிந்திருந்தனர்.

இச்சாற்றின் புளிப்புக்குக் காரணமாகிய சிட்ரிக் அமிலத்தை 1784 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஷீலே என்பார் படிகமாகப் பிரித்தெடுத்தனர். நம் எலுமிச்சைச் சாற்றில் நூற்றுக்கு ஆறேழு பங்கு அவ்வமிலமே. ஆயினும் உலகம் இவ்வினப் பழங்களின் பெருமையை உணர்ந்தது புளிப்பினால் அன்று. நெடுநாட் கடற்பயணம் செய்த மாலுமிகள் பல்லீறு வீங்கிக் குருதி கசிந்து மாண்ட ஸ்கர்வி என்னும் நோயே அதனை உணர்த்தியது. 1747 ஆம் ஆண்டில் சாலிஸ்பரி என்னும் போர்க்கப்பலின் வைத்தியர் ஜேம்ஸ் லிண்ட், நோயுற்றார் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஒவ்வோரிணைக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். அங்ஙனமிருந்தும், பிரிட்டிஷ் கடற்படை எலுமிச்சைச் சாற்றினைத் தன் மாலுமிகட்கு முறையாக அளிக்க 1795 வரை காத்திருந்தது. கண்முன் நிறுவப்பட்ட உண்மையொன்று அரசாங்கக் காகிதத்திற் புகுதற்கு ஏறத்தாழ ஐம்பதாண்டு பிடித்ததனை எண்ணுங்கால் வியப்பினும் வருத்தமே மிகுகின்றது. நோயை நீக்கியது வைட்டமின் சி என்பது இருபதாம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று; அவ்வாராய்ச்சிக்காக அங்கேரி நாட்டு சென்ட்-ஜியார்ஜி 1937 ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றனர். இப்பொருள் கொதிக்கும் சூட்டிற் சிதையும். ஆகவே சூடான பாகிற் சாற்றைப் பிழிதல் தகாது. ஒன்றை மட்டும் மறைக்காமற் கூறுதல் வேண்டும்: நம் சிறு எலுமிச்சையில் அவ்வைட்டமின் ஐரோப்பியரது பெரும்பழத்தினும் குறைவு; நெல்லிக்கனியோடு ஒப்பிடின் மிகமிகக் குறைவு.

இனிச் செய்முறை. அறுவர் பருகுதற்கு நடுத்தர எலுமிச்சம்பழம் 6, தோலும் வித்தும் நீக்கிய தர்ப்பூசணிச் சதை 500 கிராம், சர்க்கரை 60 கிராம் அல்லது வெல்லம் 75 கிராம், உப்பு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு, காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர், புதினா இலை பத்துப் பன்னிரண்டு, விரலின் ஒரு கணு அளவு இஞ்சி ஆகியன வேண்டும். குளிர்ந்த நீரிற் சர்க்கரை எளிதிற் கரையாது, அடியில் தங்கிவிடும். ஆதலால் ஒரு குவளை நீரை முதலிற் சுடவைத்து, அதிற் சர்க்கரையையும் உப்பையும் கரைத்து ஆறவிடுக. வெல்லமாயின் கரைத்தபின் மெல்லிய துணியில் வடிகட்டுதல் இன்றியமையாதது. எத்துணை நல்ல வெல்லமாயினும் ஆலைக்களத்து மணல் சிறிதேனும் அதில் இல்லாமல் இராது. இஞ்சியை நசுக்கிப் பிழிந்த சாற்றைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் வெள்ளிய மாவு அடியிற் படியும். அதனை விடுத்துத் தெளிந்த மேற்சாற்றினை மட்டும் இறுத்துக்கொள்க.

தர்ப்பூசணிச் சதையைக் கையாலேயே பிசைந்து, கண் அகன்ற வடிகட்டியில் தேய்த்து இறக்குக. பொறியிலிட்டு அரைப்போர், வித்தினை ஒன்றுவிடாமல் நீக்கியபின் அரைக்க. மெல்லிய துணியில் வடித்தலாகாது. ஏனெனில் அப்பழத்தின் செந்நிறமாகிய லைக்கோபீன் நீரிற் கரைவதன்று, சதைத்துகளோடு ஒட்டி நிற்பது. துணியில் வடித்தால் நிறம் துணியில் நிற்கும், குவளையில் வெளிறிய நீரே விழும். பின்னர், ஆறிய பாகு, தர்ப்பூசணிச் சாறு, இஞ்சித் தெளிவு, எஞ்சிய நீர் ஆகியவற்றை ஒன்றுகூட்டி, எல்லாவற்றிற்கும் இறுதியில் எலுமிச்சைச் சாற்றினை ஊற்றிக் கலக்குக. புதினாவை அரைத்தல் வேண்டா. உள்ளங்கையில் வைத்து ஒருமுறை தட்டி மிதக்கவிடின் மணம் இறங்கும், பச்சை வாடை இறங்காது. சிறிது நேரம் நின்றால் செந்துகள் அடியிற் படியுமாதலின், ஊற்றுந்தோறும் கலக்கி ஊற்றுக.

தர்ப்பூசணியின் செந்நிறத்தைக் கூறுங்கால் 2025 ஆம் ஆண்டு வேனிலில் நிகழ்ந்ததொன்று நினைவிற்கு வருகின்றது. அப்பழத்தினுள் ஊசி வழியே சாயம் ஏற்றப்படுகின்றது என்னும் பேச்சுத் தமிழ்நாடெங்கும் பரவியது. மக்கள் அஞ்சி வாங்காதொழிந்தனர். விலை வீழ்ந்தது. கடன்பட்டுப் பயிரிட்ட உழவர் பெரிதும் இடர்ப்பட்டனர். கொடியிலேயே பழங்களை விட்டுவிட்டோரும் உளர். சற்றே ஆராய்ந்து பார்ப்போம். பழத்தில் ஊசி குத்தினால் அத்துளைவழியே கிருமி புகுந்து விரைவில் அழுகும். வெயிலில் நாட்கணக்காகக் குவித்து வைத்து விற்கும் வணிகன் தன் சரக்கைத் தானே அழுகச் செய்வனோ? அன்றியும், செந்நிறம் நன்கு முதிர்ந்த பழத்திற்கு இயல்பு. அதனைச் சாயம் என ஐயுறின் கீரைக்குப் பச்சை பூசினரோ எனவும் ஐயுறல் வேண்டும். ஐயம் நீங்காதார் சாற்றினை ஒரு கண்ணாடிக் குவளையில் அசையாது வைத்துப் பார்க்க. இயற்கை நிறம் துகளோடு கீழிறங்கி மேல்நீர் வெளிறும். நீரிற் கரையும் சாயமாயின் அங்ஙனம் பிரியாது. ஒரு சொல் ஒரு பருவத்து விளைச்சலையே அழிக்கவல்லது என்பதனைத் திண்டிவனத்தார் அவ்வாண்டிற் கண்கூடாகக் கண்டனர்.

வேறு பழங்களையும் சேர்க்கலாம். கம்பம் பள்ளத்தாக்கினின்று வரும் பன்னீர்த் திராட்சையாயின், நிறம் தோலிலே இருப்பதால், சிறிது நீரில் ஒரு கொதி விட்டு மசித்து ஆற்றி வடிக்க. அவ்வூதா நிறச் சாற்றில் எலுமிச்சை துளி துளியாய் விழ விழ, அது செக்கச்செவேலென மாறும். சிறுவரை அருகழைத்துக் காட்டத்தக்க காட்சி அது. மாதுளை எளிது. நுங்கினை மட்டும் பிழியவோ மசிக்கவோ கூடாது. தோல் நீக்கிச் சிறு துண்டுகளாக்கி, பானகம் குவளையில் ஊற்றியபின் இடவேண்டும். பானகத்தின் புளிப்பும் நுங்கின் வழுவழுப்பும் மாறி மாறி வருதலே அதன் சுவை. எமக்குத் தர்ப்பூசணியினும் இதுவே உவப்பானது. பனையேறும் தொழிலாளர் ஆண்டுதோறும் அருகிவருதலால் இதுவே கிடைத்தற்கு அரியதாகியும் வருகின்றது.

திண்டிவனத்தைப் பற்றி எழுதுவார் புளியை விடுத்துப் போதல் முறையன்று. திந்திரிணி என்பது புளியமரத்தைக் குறிக்கும் வடசொல். திந்திரிணி வனம் என்பதே திண்டிவனம் ஆயிற்று என்பர். எலுமிச்சை விலையேறிய காலத்தில், நெல்லிக்காயளவு பழம்புளியை ஊறவைத்துக் கரைத்து, வெல்லமும் சுக்கும் ஏலமும் கூட்டினால் அதுவும் பானகமே. இராமநவமியன்று கோயில்களில் வழங்கும் பானகத்தைச் சிலர் எலுமிச்சையிட்டும் சிலர் புளியிட்டும் செய்வர். புளியின் புளிப்பு சிட்ரிக் அமிலத்தாலன்று, டார்டாரிக் அமிலத்தால் ஆவது. நாவில் அது சற்று அழுத்தமாக நிற்கும். ஆகவே வெல்லம் கூடுதலாக வேண்டும்.

உப்பைச் சேர்ப்பது ஏன் என்பதை விரித்துக் கூறுவோம். இக்கட்டுரையில் உயிரோடு தொடர்புடைய பகுதி இதுவேயாம். வெயிலில் உழைப்பான் உடலினின்று வியர்வையாக வெளிப்படுவது நீர் மட்டுமன்று, உப்புங்கூட. வெறும் நீரையே மேன்மேலும் பருகினால் குருதியில் உப்பின் அளவு தாழ்ந்து தலைவலியும் தசைப்பிடிப்பும் தோன்றும். ஆகவே இழந்த இரண்டையும் ஈடு செய்தல் வேண்டும். சர்க்கரை சேர்வது சுவைக்கு மட்டுமே என்று எண்ணற்க. சிறுகுடலின் சுவரில் உப்பின் கூறாகிய சோடியமும் சர்க்கரையின் கூறாகிய குளுக்கோசும் கைகோத்தே உட்புகும் வாயில் ஒன்றுண்டு. இதனை 1960 ஆம் ஆண்டில் ராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க அறிஞர் எடுத்துரைத்தார். அவ்விரண்டும் உட்புகுங்கால் நீரும் உடன் ஈர்க்கப்பட்டு உட்செல்லும். சர்க்கரை மிகுந்துவிடின், மாறாக, உடலின் நீரையே குடலுக்குள் இழுக்கும். புட்டியிலடைத்த இனிப்பு நீர் வேட்கையை நன்கு தீர்க்காததன் காரணத்தினை இதனால் ஊகிக்கலாம்.

இவ்வுண்மை 1971 ஆம் ஆண்டில் எத்துணை உயிர்களைக் காத்தது! வங்காள தேச விடுதலைப் போரின்போது, எல்லையைக் கடந்து வந்த அகதிகளிடையே பொங்காவ்ன் முகாமில் காலரா பரவியது. நரம்பின்வழி ஏற்றும் மருந்துநீர் தீர்ந்துபோக, வைத்தியர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் கலங்களில் நிரப்பிக் குவளை குவளையாய்ப் பருகக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது என்னும் அளவில் இருந்த மரணம் நூற்றுக்கு நான்கிற்கும் கீழே இறங்கியது. இன்று மருந்துக்கடைகளிற் பொட்டலமாகக் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் அதன் வழிவந்ததே. உலக சுகாதார நிறுவனம் 2002 ஆம் ஆண்டில் வகுத்த அளவின்படி ஒரு லிட்டர் நீரில் உப்பு 2.6 கிராம், குளுக்கோசு 13.5 கிராம், இவற்றோடு பொட்டாசிய உப்பும் சிட்ரேட்டும் கலந்திருக்கும். சிட்ரேட்டு என்பது எலுமிச்சையின் அமிலத்திற்கு உறவாயதொன்று. பொட்டலம் கிட்டாதவிடத்து, ஒரு லிட்டர் தூய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துக் கொள்க. உப்பினை மிகவிடுதல் குழந்தைகட்குத் தீங்கு.

யாம் மேலே கூறிய பானகம் அக்கரைசலாகாது. அதனினும் இனிப்பு மிக்கது. கழிச்சல் நோயாற் குழந்தை தளர்ந்தவிடத்துப் பொட்டலக் கரைசலே கொடுத்தற்குரியது. ஆயின் கொல்லையிலும் கட்டட வேலையிலும் உப்பளத்திலும் பகல் முழுதும் நிற்போர்க்கு இப்பானகம் நல்ல துணை. மரக்காணத்து உப்பளத்தில், தரையினின்று எதிரொளிக்கும் வெயிலும் மேலிருந்து காயும் வெயிலும் ஒருங்கு தாக்க, வெறுங்காலோடு பாத்தி வாரும் பெண்டிரைக் கண்டோர், நாம் ஒரு சிட்டிகையாகக் கிள்ளியிடும் உப்பின் அருமையை அறிவர். வெயிலிற் பணிபுரிவானுக்கு வியர்வை நின்று, உடல் கொதித்து, பேச்சுத் தடுமாறினால் அது வெறும் வேட்கையன்று, வெப்ப அதிர்ச்சி. நினைவிழந்தான் வாயில் எதனையும் ஊற்றுதல் கூடாது. நிழலிற் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். நீரிழிவுடையார் சர்க்கரையை விடுக. குருதி அழுத்தமுடையார் உப்பை விடுக.

நீரைப்பற்றியும் பனிக்கட்டியைப்பற்றியும் கூறாவிடின் மேற்கூறியன யாவும் பயனிலவாம். எலுமிச்சையின் புளிப்பு எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்று நம்புவோர் பலர். அந்நம்பிக்கை சரியன்று. நீர் பொங்கிக் கொதித்தபின்னரே காமாலை, டைபாய்டு முதலியவற்றின் அச்சம் நீங்கும். சாலையோரத்துச் சர்பத்துக்கடைகளில் மீன் பொதிதற்குரிய பனிக்கட்டியை உடைத்துப் போடுதலும் உண்டு. உண்ணத்தகாத பனிக்கட்டி நீலநிறம் ஊட்டப்பெற்றே விற்கப்படல் வேண்டும் என்னும் விதி இந்தியாவில் 2018 ஆம் ஆண்டு முதல் உளது. நீலச் சாயல் கண்டவிடத்துக் குவளையைத் திருப்பிக் கொடுத்துவிடுக. வீட்டிற் செய்வார்க்கு மட்பானையே போதும். பானையின் நுண்டுளைகளின் வழியே கசியும் நீர் ஆவியாகுங்கால் உள்நீரின் வெப்பத்தைக் கவர்ந்துசெல்லும். உலர்காற்று வீசும் விழுப்புரத்தில் இது நன்கு நிகழும். ஈரக்காற்று வீசும் மரக்காணத்தில் அத்துணை நிகழாது. பானையை ஈரத்துணி சுற்றி மணல்மேல், காற்றோடும் இடத்தில் வைக்க. எலுமிச்சை கலந்த பானகத்தை நெடுநேரம் மட்பானையில் வைத்தல் தகாது. நீரை மட்டும் அதிற் குளிர்வித்துக் கொண்டு, கலக்குதலைக் கண்ணாடிக் கலத்திற் செய்க.

குமிழி எழும் சோடாவில் எலுமிச்சை பிழிந்து பருகுவோரை யாம் தடுப்பதற்கில்லை. 1767 ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்பார் மதுக்காய்ச்சும் தொட்டியின்மேல் நீரைத் தொங்கவிட்டுக் காற்றேறிய நீரை முதலில் ஆக்கினர். 1872 இல் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் கோலிக்குண்டு அடைக்கும் புட்டிக்கு உரிமை பெற்றனர். அப்புட்டி தான் பிறந்த நாட்டில் மறைந்தபின்னும் நம்மூர்க் கடைகளில் வாழ்ந்துகொண்டிருக்கின்றது. கோலியை அழுத்தும்போது எழும் ஓசையே பாதி வேட்கையைத் தணிக்கும் என்பது எம் நண்பரொருவர் கொள்கை.

பானகத்தைப் பருகியபின் வெறுநீரால் வாயைக் கொப்புளிக்க. புளிப்பு பல்லின் மேற்பூச்சினை இளக்கும். உடனே பல்துலக்குதல் அதனினும் தீது. பிழிந்த தோல்களை எறியற்க. உப்பிலிட்டுச் சாடியில் அடைத்து நாள்தோறும் குலுக்கி வெயிலில் வைப்பின், இரண்டு மூன்று வாரத்தில் தயிர்ச்சோற்றுக்கு ஊறுகாயாகும். அதற்கு ஆகாத தோலை உப்பும் சாம்பலும் தொட்டுத் தேய்த்தால், களிம்பேறிய செம்புக்குடம் புதியதுபோல் விளங்கும்.